காலி விமானமும் சுக்கானும்

எடை குறைஞ்சா குறைந்த வேகத்திலேயே கிளம்பிடலாம்: விமான விளக்கக் காணொளிகள் பல இத்தோடு முடிச்சுடுது. பாதி உண்மைதான். இறக்கையின் கணக்கு இது. சுக்கானின் கணக்கை விட்டுட்டாங்க.

ஓடுபாதையில் ஓர் எஞ்சின் நின்றால், மற்றதன் உந்துவிசை மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும். அதைச் சமாளிக்க வால் சுக்கானுக்குப் போதிய காற்றோட்டம் வேணும். அதனால்தான் ‘வி1’ எனும் முடிவெடுக்கும் வேகம், தரையில் நேராக ஓட்டத் தேவையான குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே போகக் கூடாதுன்னு விதி. மூக்கைத் தூக்கும் வேகமோ, காற்றில் அதே கட்டுப்பாட்டுக்கான வேகத்தைவிட 5 சதவீதமாவது கூடுதலாக இருக்கணும்.

பயணிகளை இறக்கிவிட்டால் இந்த வரம்பு இறங்காது. எஞ்சினின் உச்ச உந்துவிசையையே குறைத்து நிர்ணயித்தால் இறங்கும். சொல்லாம விட்டது இதைத்தான்.