தஞ்சைச் சுவடிகளுக்கு ஒரு வீணை

கர்நாடக இசை குருமுகமாக அறுபடாமல் வந்துகொண்டிருக்கிறது, அதற்குப் பழைய வாத்தியமும் பழைய சுவடியும் தேவையில்லை என்று மயிலாப்பூர் சபாக்களில் பெருமையாகப் பேசுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அறுந்த இடம் ஒன்று கண்ணுக்கு நேரே இருக்கிறது.

பண்களையும் யாழையும் ஆபிரகாம் பண்டிதரும் விபுலானந்தரும் ஆராய்ந்து தந்துவிட்டார்கள். மும்மூர்த்திகள் காலம் எல்லோருக்கும் மனப்பாடம். ரகுநாத நாயக்கர் முதல் துளஜா வரையிலான தஞ்சாவூரைத்தான் தாண்டிப் போய்விடுகிறோம். அங்கே ஷாஹஜி (1684–1712) ஆண்டபோது இத்தாலியில் கொரெல்லி வயலின் சொனாட்டாக்களை எழுதிக்கொண்டிருந்தார். கொரெல்லியை இன்று எந்தக் கடையிலும் கேட்கலாம். ஷாஹஜியின் அவையில் ஒலித்ததை எங்கே கேட்பது?

வேங்கடமகி தம் ‘சதுர்தண்டி பிரகாசிகை’யில் சொல்லும் சதுர்தண்டி, அதாவது இசையின் நான்கு தூண்கள்: கீதம், ஆலாபம், தாயம் (ராகத்தை விரிக்கும் சுரத்தொடர்), பிரபந்தம். கிருதிக்கு அதில் இடமே இல்லை. ஆலாபம் உருமாறிப் பிழைத்தது. கீதம் பாலபாடமாகச் சுருங்கியது. தாயத்தையும் பிரபந்தத்தையும் மேடை கைவிட்டது. ஆனால் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகச் சுவடிகளில் தாயங்களும் கீதங்களும் சுரக்குறிப்போடு இருக்கின்றன. எஸ். சீதா தஞ்சை இசை பற்றிய தம் அரிய நூலை 1981இல் வெளியிட்ட பிறகும் அவை ஏட்டோடு நிற்கின்றன. 1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் அச்சேற்றிய ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யிலிருந்தும் நாம் கிருதிகளை எடுத்துக்கொண்டு கீதங்களையும் தானங்களையும் விட்டுவிட்டோம்.

வாத்தியம் இங்கே முக்கியம். வேங்கடமகி விவரிக்கும் வீணைகளில் ஏகராக மேள வீணை உண்டு. ஒரு ராகத்துக்கு வேண்டிய மெட்டுகளை மட்டும் வைத்துக் கட்டுவது. நம் வீணையின் மெட்டுகள் மெழுகில்தான் பதிகின்றன. மாற்றிக் கட்டத் தஞ்சாவூர் ஆசாரிகளால் முடியும். காண்டாக்ட் மைக் வந்தபின் வீணையின் மென்மையான மீட்டு தடித்துப் போயிற்று. எலக்ட்ரானிக் தம்பூரா சுருதியின் உயிரை உறிஞ்சிவிட்டது. மிருதங்கம் இல்லாமல், வெள்ளிக்கிழமை மாலைகளில் தன் வீட்டில் வாசித்த வீணை தனம்மாளின் (1867–1938) இசைத்தட்டுகளைக் கேட்டவர்களுக்கு, சிறிய அறையில் சிறிய ஒலி எவ்வளவு சொல்லும் என்பது தெரியும்.

பழைய ஐரோப்பிய இசையை அக்கால வாத்தியங்களில் மீட்க வியன்னாவில் ஹார்னன்கோர்ட் 1953இல் தொடங்கிய குழு நரம்புத் தந்திகளோடும் பழைய வில்லோடும் நான்கு ஆண்டுகள் ஒத்திகை பார்த்த பிறகே மேடை ஏறியது. ஏட்டில் புரியாதிருந்த பலவற்றை வாத்தியமே விளக்கியது. அங்கும் வாய்வழி மரபு அறுந்துதான் இருந்தது. அவர்கள் அதை ஒப்புக்கொண்டார்கள். அதனால் வேலை நடந்தது.

இங்கும் நடக்கலாம். 1994இல் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தரமணியில் இருக்கிறது. பழைய அச்சுகளைக் காக்கும் அனுபவம் அதற்கு உண்டு. ‘சதுர்தண்டி பிரகாசிகை’யை 1934இல் பதிப்பித்த மியூசிக் அகாடமியும் சரஸ்வதி மகாலும் அதோடு சேரட்டும். ஒரு ராகத்தின் தாயம் ஒன்றை, மைக் பொருத்தாத வீணையிலும் தந்தித் தம்பூராவிலும் பதிவுசெய்து, சுவடிப் பாடத்தோடு வெளியிடட்டும். புதிதாக இன்னொரு கிருதித் தொகுப்பு வருவதைவிட நம் இசைக்கு அது பெரிய தொண்டு.