பல பாணிகள் பயின்ற ஒரு குரல்: மெர்ல் ஹாகர்டும் கன்ட்ரி இசை மரபும்

அமெரிக்கக் கன்ட்ரி இசையில் தலைசிறந்த பாடகர் யார் என்பது ரசிகர்களிடையே தீராத வழக்கு. ஹாங்க் வில்லியம்ஸ், ஜார்ஜ் ஜோன்ஸ், ஜானி கேஷ் என்று ஆளுக்கொரு கட்சி உண்டு. ஆனால் அந்த மரபின் பெரும்பாலான பாணிகளையும் ஒரே குரலில் கேட்க வேண்டும் என்றால் பேச்சு மெர்ல் ஹாகர்டிடம் வந்து நிற்கும். பில்போர்ட் கன்ட்ரி பட்டியலில் அவருடைய 38 பாடல்கள் முதலிடம் பிடித்தன. அந்தப் புகழ் உச்சத்தில் இருந்தபோதே அவர் முன்னோர்களின் இசைத்தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடியும் மாணவரானார். அவருடைய பெருமை அங்கேதான் தொடங்குகிறது.

அவர் பயின்ற பாணிகள் எவை, எந்த மண்ணில் வளர்ந்தவை, அவற்றில் தேர்ச்சி என்பதை எதை வைத்து அளக்கிறார்கள் என்று பார்த்தால், ஹாகர்டின் வாழ்க்கையோடு ஒரு மரபின் வரலாறும் விளங்கும்.

பிரிஸ்டலில் பதிவான இரண்டு வழிகள்

கன்ட்ரி இசை ஒரே இனத்தாரின் சொத்தாகப் பிறந்ததல்ல. ஃபிடில் என்று இந்த மரபில் சொல்லும் வயலின் ஐரோப்பியக் குடியேறிகளோடு வந்தது. பான்ஜோவின் மூலம் ஆப்பிரிக்கா. கம்பிகள் மேல் இரும்புத் துண்டை வழுக்கி வாசிக்கும் ஸ்டீல் கிட்டார் ஹவாய்த் தீவுகளின் கொடை. இவை தெற்கு மாநிலங்களின் மலைக் கிராமங்களிலும் பருத்திக் காடுகளிலும் தேவாலயங்களிலும் கலந்து ஒரு இசையாயின.

1927 கோடையில் விக்டர் நிறுவனத்துக்காக ரால்ஃப் பீர் என்பவர் டென்னசி, வர்ஜீனியா எல்லையில் உள்ள பிரிஸ்டல் நகரில் ஒலிப்பதிவு நடத்தினார். அங்கே சில நாள் இடைவெளியில் பாட வந்த இரண்டு தரப்பினர் இரண்டு வழிகளுக்குத் தலைமை ஆனார்கள். ஒன்று, வர்ஜீனியா மலைப்பகுதியிலிருந்து வந்த கார்ட்டர் குடும்பம்: ஏ. பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, சாராவின் உறவினர் மேபெல். குடும்பமும் பக்தியும் பிரிவும் பொருளாகக் கொண்ட பழம்பாடல்களை அவர்கள் அலங்காரமில்லாமல் பாடினார்கள். கிட்டாரின் கீழ்க்கம்பிகளில் மெட்டையும் மேல்கம்பிகளில் தாளத்தையும் சேர்த்து வாசிக்கும் மேபெலின் முறை தலைமுறைகளுக்குப் பாடமானது. ஏ. பி. கார்ட்டர் ஊர் ஊராகப் பாட்டுத் தேடிப் போனபோது கூடப் போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞர். கேட்ட மெட்டை மனத்தில் ஏற்றிக்கொண்டு வந்து குடும்பத்துக்குச் சேர்ப்பித்தவர் அவரே.

இன்னொரு வழி, மிசிசிப்பியின் மெரிடியன் நகரத்து ரயில்வே பிரேக்மேன் ஜிம்மி ராட்ஜர்ஸுடையது. காசநோய் அவரை ரயில் வேலையிலிருந்து இறக்கியது. பாட்டு அவரை நாடறியச் செய்தது. கறுப்பினத் தொழிலாளர்களின் ப்ளூஸையும் குரலை மேலும் கீழுமாக உடைக்கும் யோடலிங்கையும் அவர் இணைத்தார். தமிழ்த் திரையில் சந்திரபாபு செய்துகாட்டிய குரல் வித்தையை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அந்த ஒலி அந்நியமாகத் தோன்றாது. நாடோடி, ரயில், சிறை, தாய் என்று பாட்டுப்பொருளுக்கு ராட்ஜர்ஸ் போட்ட பாதையில்தான் பின்னால் ஹாகர்ட் நடந்தார். ராட்ஜர்ஸ் 1933-இல் 35 வயதில் மறைந்தார். ஹாகர்ட் பிறந்தது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து.

ரயில் பெட்டி வீடு

1930-களில் ஓக்லஹோமாவையும் சுற்று மாநிலங்களையும் வறட்சியும் புழுதிப் புயலும் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்து அடித்தன. பல லட்சம் பேர் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் அவர்களை ‘ஓக்கி’ என்று இழிவாக அழைத்தார்கள். ஹாகர்டின் பெற்றோரும் ஓக்லஹோமாவில் தானியக் கொட்டகை எரிந்துபோன பின் அப்படி வந்தவர்கள். பேக்கர்ஸ்ஃபீல்டை அடுத்த ஆயில்டேலில் பழைய ரயில் பெட்டி ஒன்றை வீடாக்கிக் குடியேறினார்கள். தந்தைக்கு சாண்டா ஃபே ரயில்வேயில் வேலை. 1937 ஏப்ரல் 6 அன்று மெர்ல் பிறந்தார்.

ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். அதன் பின் பையனைக் கட்டி நிறுத்த யாராலும் முடியவில்லை. சரக்கு ரயிலில் தொற்றி ஓடுவது, சிறார் காப்பகம், அங்கிருந்து தப்புவது என்று வளர்ந்தார். 1957-இல் ஒரு சாலையோர விடுதியில் திருட முயன்று பிடிபட்டார். அடுத்த ஆண்டு சான் குவென்டின் சிறை. 1960-இல் வெளியே வந்தார். உள்ளே இருந்த காலத்தில், சிறைவாசிகளுக்காகப் புத்தாண்டு நாளில் ஜானி கேஷ் பாடியபோது கீழே உட்கார்ந்து கேட்டவர்களில் அவரும் ஒருவர். பிற்காலத்தில், 1969-இல், கேஷின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில்தான் ஹாகர்டின் சிறைக்கதை நாட்டுக்குத் தெரியவந்தது. மறைக்காமல் சொல்லிவிடும்படி ஊக்கியவர் கேஷ். 1972-இல் கலிஃபோர்னியா ஆளுநர் ரொனால்ட் ரேகன் அவருக்கு முழு மன்னிப்பு வழங்கினார்.

நடனக் கூடமும் மதுக் கூடமும்

சிறுவன் மெர்லின் காதில் வானொலி வழியாக முதலில் விழுந்த பெரிய இசை பாப் வில்ஸுடையது. டெக்சஸ்காரரான வில்ஸ் தம் ‘டெக்சஸ் ப்ளேபாய்ஸ்’ குழுவோடு வளர்த்தது வெஸ்டர்ன் ஸ்விங். ஃபிடிலோடு டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் டிரம்ஸும் சேர்ந்த நடன இசை அது. ஜாஸ் கலைஞர்களைப் போல ஒவ்வொரு வாத்தியக்காரரும் முறை வைத்துக் கற்பனையாக வாசிப்பார். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இடையிடையே குரல் கொடுத்து வில்ஸ் அவர்களை உற்சாகப்படுத்துவார்.

இரண்டாம் உலகப் போரின் காலத்தில் இன்னொரு பாணி தலையெடுத்தது. ஆலைத் தொழிலாளிகளும் எண்ணெய் வயல் ஆட்களும் கூடும் மதுக்கூடங்களுக்கு ‘ஹாங்கி டாங்க்’ என்று பெயர். அங்கே கண்ணாடிக் குவளை ஓசைக்கும் சண்டைச் சத்தத்துக்கும் மேலே கேட்க வேண்டும் என்பதால் கிட்டாருக்கு மின்சாரம் ஏறியது. பாட்டுப்பொருளும் மாறியது: துரோகம், குடி, மணமுறிவு, குற்ற உணர்வு. எர்னஸ்ட் டப், ஹாங்க் வில்லியம்ஸ் ஆகியோர் இதன் தூண்கள். ஹாங்க் வில்லியம்ஸ் 1953 புத்தாண்டு நாளில் 29 வயதில் இறந்தபோது அந்தப் பாணிக்கு ஏறக்குறைய ஒரு இலக்கணமே எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். 1952-இல் கிட்டி வெல்ஸ் அதே பாணியில் பெண்ணின் தரப்பைப் பாடிப் பட்டியலில் முதலிடம் பிடித்தார்.

ஹாகர்டின் குரலுக்கு நேரடி ஆசான் லெஃப்டி ஃப்ரிஸெல். 1951-இல் ஒரே சமயத்தில் நான்கு பாடல்களை முதல் பத்தில் வைத்திருந்தவர். உயிரெழுத்தை இழுத்து, வளைத்து, ஒரு அசையைப் பல சுரங்களில் உருட்டி இறக்குவது அவர் முறை. 1953 வாக்கில் பேக்கர்ஸ்ஃபீல்டின் ரெயின்போ கார்டன்ஸில் அவர் பாட வந்தபோது, மேடைக்குப் பின்னால் 16 வயது மெர்ல் பாடுவதைக் கேட்டார். அந்தப் பையன் முதலில் பாடினால்தான் நான் மேடையேறுவேன் என்றார். தம் கிட்டாரையே கையில் கொடுத்தார். 30 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, ஃப்ரிஸெல் இணைந்து எழுதிய ‘தட்ஸ் த வே லவ் கோஸ்’ பாடலைப் பாடியதற்காக ஹாகர்ட் கிராமி விருது பெற்றார்.

நாஷ்விலும் பேக்கர்ஸ்ஃபீல்டும்

1950-களின் கடைசியில் ராக் அண்ட் ரோல் இளைஞர்களை அள்ளிக்கொண்டு போனது. நாஷ்வில் நகரத்துத் தயாரிப்பாளர்களான செட் அட்கின்ஸும் ஓவன் பிராட்லியும் அதற்கு ஒரு விடை கண்டார்கள். ஃபிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் ஒதுக்கி வயலின் கூட்டத்தையும் இதமான பின்னணிக் குரல்களையும் கொண்டுவந்தார்கள். பேட்ஸி க்ளைன் 1961-இல் பாடிய ‘க்ரேஸி’ இந்த வழியின் உச்சம். அதை எழுதியவர் வில்லி நெல்சன். நாஷ்வில் பாணியை வியாபாரம் என்று ஒதுக்குவது சரியல்ல. ஒலிப்பதிவுக் கலைஞர்களின் துல்லியமும், பாட்டின் மையம் சிதையாமல் அதைச் சுற்றி வாசிக்கும் பணிவும் அந்த ஊர் தந்த உயர்ந்த அளவுகோல்கள்.

மேற்குக் கோடியில் பேக்கர்ஸ்ஃபீல்ட் வேறு விடை சொன்னது. எண்ணெய்க் கிணறுகளும் பருத்தி வயல்களும் சூழ்ந்த ஊர். பகல் முழுக்க உழைத்தவர்கள் இரவில் ஆட வரும் கூடங்கள். அங்கே இதமான ஒலி எடுபடாது. ஃபெண்டர் டெலிகாஸ்டர் கிட்டாரின் கூர்மையான ஒலி, முன்னே நிற்கும் டிரம்ஸ், அழுது பேசும் பெடல் ஸ்டீல் என்று பக் ஓவன்ஸ் தம் குழுவோடு ஹாலிவுட்டின் கேபிடல் ஸ்டுடியோவில் பதிவு செய்தார். 1963-இல் அவர் முதலிடத்துக்குக் கொண்டுபோன ‘ஆக்ட் நேச்சுரலி’யை இரண்டே ஆண்டில் பீட்டில்ஸ் பாடினார்கள்.

ஹாகர்ட் இந்தக் கூடங்களில் வாசித்துத் தேறியவர். வின் ஸ்டூவர்ட் என்ற அருமையான பாடகரின் குழுவில் லாஸ் வேகஸில் பேஸ் கிட்டார் வாசித்தார். பின் டாலி என்ற சிறு நிறுவனத்துக்கும், அதன் பின் கேபிடலுக்கும் பாடினார். ராய் நிக்கோல்ஸ் கிட்டாரோடு ‘ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ குழு அமைந்தது. 1965-இல் அவர் மணந்த பாடகி பானி ஓவன்ஸ், ஹாகர்டுக்குத் திடீரென்று வரும் வரிகளை உடனே எழுதி வைத்துக் காப்பாற்றியவர். பின்னணிக் குரலும் அவரே. மணவாழ்க்கை முறிந்த பிறகும் அவர் குழுவில் தொடர்ந்து பாடினார்.

தேர்ச்சியின் அளவுகள்

இந்த இசையில் நல்ல பாட்டு எது என்பதற்கு ரசிகர்கள் வைத்திருக்கும் அளவுகள் எழுதப்படாதவை; ஆனால் கண்டிப்பானவை. முதலாவது, சொல் தெளிவு. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கதை புரிய வேண்டும். இரண்டாவது, சொல்லைத் தாளத்தில் வைக்கும் இடம். ஹாகர்ட் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் நின்று பாடுவார். வரி முடிவில் குரலைக் கீழ்ஸ்தாயிக்கு விழவிட்டு, உரத்துச் சொல்லாததைக் கேட்பவரை உணர வைப்பார். மூன்றாவது, வாத்தியக்காரரின் அடக்கம். பாடகர் மூச்சு விடும் இடத்தில் மட்டும் கிட்டாரோ ஸ்டீலோ பதில் சொல்ல வேண்டும்.

நான்காவது, சிக்கனம். மூன்று நிமிடத்தில் ஒரு வாழ்க்கை. 1967-இல் வந்த ‘சிங் மீ பேக் ஹோம்’ பாடலில், மரண தண்டனைக்குப் போகும் கைதி கிட்டார் வாசிக்கும் சக கைதியிடம் ஒரு பாட்டுக் கேட்கிறான். தண்டனையைப் பற்றி வாதம் எதுவும் இல்லை. 1973-இல் வந்த ‘இஃப் வி மேக் இட் த்ரூ டிசம்பர்’ கிறிஸ்துமஸுக்கு முன் ஆலை வேலை இழந்த தகப்பனின் பேச்சு. பொருளாதாரம் பற்றி ஒரு சொல் இல்லாமலே அந்த ஆண்டின் அச்சம் முழுவதும் அதில் இருக்கிறது.

ஐந்தாவதும் கடினமானதும் உண்மை. பாடகன் தான் வாழ்ந்ததைப் பாட வேண்டும் என்று கன்ட்ரி ரசிகர்கள் அடிக்கடி சொல்வார்கள். ஹாகர்டின் பாடல்கள் இந்த விதியை ஆழமாக்குகின்றன. 1967-இல் அவருக்கு முதல் முதலிடத்தைத் தந்த ‘ஐ’ம் எ லோன்சம் ஃப்யூஜிட்டிவ்’ லிஸ் ஆண்டர்சனும் கேஸி ஆண்டர்சனும் எழுதியது. அதைக் கொடுத்தபோது அவர் சிறையிலிருந்தவர் என்று அவர்களுக்குத் தெரியாது. 1968-இன் ‘மாமா ட்ரைட்’ நாயகன் ஆயுள் கைதி, ஹாகர்ட் அப்படியல்ல. தாய் எவ்வளவோ முயன்றாள், தவறு என்னுடையது என்ற அந்தப் பாட்டின் நெஞ்சு மட்டும் அவருடையது. ‘ஹங்ரி ஐஸ்’ பாடலில் தொழிலாளர் முகாமில் வாடும் தாய் வருகிறாள். அவர் குடும்பம் வாழ்ந்ததோ ரயில் பெட்டி வீட்டில். விவரம் கற்பனையாக இருக்கலாம், வலி இரவலாக இருக்கக் கூடாது என்பதே அவர் காட்டிய அளவு.

அந்த அளவு அரசியலிலும் சோதிக்கப்பட்டது. 1969-இன் ‘ஓக்கி ஃப்ரம் மஸ்கோகி’ வியட்நாம் போர் எதிர்ப்பாளர்களைக் கண்டு சலித்த சிறுநகர மக்களின் கொடியானது. அடுத்த தனிப்பாடலாக, கறுப்பினப் பெண்ணை நேசிக்கும் வெள்ளையனின் கதையான ‘இர்மா ஜாக்சன்’ வர வேண்டும் என்று அவர் விரும்பினார். கேபிடல் அதை ஏற்கவில்லை. இன்னொரு தேசப்பற்றுப் பாடல்தான் வெளியானது. 1972-இல் ஆல்பத்தில் இடம்பெற்ற ‘இர்மா ஜாக்சன்’, அவரை ஒரு கட்சிக்குள் அடைத்துவிட முடியாது என்பதற்குச் சான்றாக இருக்கிறது.

பாடாந்தரம்

1969-இல் ஜிம்மி ராட்ஜர்ஸின் பாடல்களை மட்டுமே கொண்ட இரட்டை ஆல்பத்தை ஹாகர்ட் வெளியிட்டார். மறு ஆண்டு பாப் வில்ஸுக்கு ஒரு காணிக்கை ஆல்பம். அதற்காக முப்பது வயது கடந்த பின் ஃபிடில் கற்றார். வில்ஸின் பழைய கலைஞர்களைத் தேடி அழைத்து வந்து உடன் வாசிக்க வைத்தார். இரண்டும் சந்தை கேட்ட ஆல்பங்கள் அல்ல. ஆனால் ஒரு தலைமுறை வெஸ்டர்ன் ஸ்விங்கை அறிந்துகொண்டது இரண்டாவது ஆல்பத்தின் வழியாக. டெக்சஸின் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட் அவர்களில் ஒருவர். 1973 டிசம்பரில் நோயுற்றிருந்த வில்ஸ் தம் கடைசி ஒலிப்பதிவுக்கு வந்தபோது ஹாகர்டும் அங்கே பாடினார்.

பின்னால் நாஷ்வில் கட்டுப்பாட்டை எதிர்த்த ‘அவுட்லா’ அலையில் வில்லி நெல்சனும் வேலன் ஜென்னிங்ஸும் தங்கள் குழுவோடு தங்கள் விருப்பப்படி பதிவு செய்யும் உரிமை கேட்டார்கள். பேக்கர்ஸ்ஃபீல்ட் அதை முன்பே நடைமுறையாக்கி இருந்தது. நெல்சனோடு ஹாகர்ட் பாடிய ‘பாஞ்சோ அண்ட் லெஃப்டி’ 1983-இல் முதலிடம் பெற்றது. 1994-இல் கன்ட்ரி இசைப் புகழ்க்கூடம் அவரைச் சேர்த்துக்கொண்டது. 2010-இல் கென்னடி மையத்தின் கௌரவம் கிடைத்தது. 2016 ஏப்ரல் 6 அன்று, தம் 79-ஆவது பிறந்தநாளில், காலமானார். அதற்கு முந்தைய ஆண்டு அந்த ரயில் பெட்டி வீடு கெர்ன் மாவட்ட அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவரப்பட்டது.

புதிதாகக் கேட்க வருபவர்கள் ஜோடி ஜோடியாகக் கேட்கலாம். ராட்ஜர்ஸின் ஒரு பாடலை முதலில் அவர் குரலிலும், பிறகு ஹாகர்டின் 1969 பதிவிலும் கேட்டால், யோடல் எங்கே தணிந்து பேச்சாகிறது என்று தெரியும். வில்ஸின் ஃபிடில் இசையை அடுத்து 1970 ஆல்பம். ஃப்ரிஸெல்லை அடுத்து ‘டுடே ஐ ஸ்டார்டெட் லவிங் யூ அகெய்ன்’. ஹாகர்டும் பானியும் சேர்ந்து எழுதிய இந்தப் பாடல் 1968-இல் ஒரு இசைத்தட்டின் பின்பக்கத்தில் வந்து, பிறகு எண்ணற்ற பாடகர்களின் பாடமானது. கடைசியாக, 2000-ஆம் ஆண்டின் ‘இஃப் ஐ குட் ஒன்லி ஃப்ளை’ ஆல்பம். 60 வயது தாண்டிய அந்தக் குரலில் மேல்ஸ்தாயி குறைந்திருக்கும். சொல் தெளிவு குறைந்திருக்காது.