பங்கிட்ட வறுமையா? ஜாவா கிராமங்களைப் பற்றிய ஒரு நூல்

மனித சமுதாயத்தைப் பற்றிய சில நூல்கள், அவற்றின் முடிவுகள் மறுக்கப்பட்ட பிறகும் படிக்கத் தக்கவையாகவே இருக்கின்றன. அமெரிக்க மானிடவியல் அறிஞர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1963-இல் வெளியிட்ட 'அக்ரிகல்ச்சுரல் இன்வல்யூஷன்' அவற்றுள் ஒன்று. இந்தோனேசியாவின் ஜாவாத் தீவு விவசாயி ஏன் ஏழையாக இருந்தான் என்ற கேள்விக்குப் பல ஆண்டுகள் அறிஞர் பலர் இந்நூலின் விடையையே எடுத்துக்காட்டி வந்தனர். அந்த விடை எவ்வளவு தூரம் சரி என்பதை இங்கே பார்ப்போம்.

நூல் கூறுவது என்ன?

ஜாவாவின் நன்செய் வயல் விந்தையான ஓர் அமைப்பு. எரிமலைப் பகுதிகளிலிருந்து வரும் பாசன நீர் சத்துக்களைச் சுமந்து வருகிறது. வயலில் தேங்கும் நீரில் வளரும் நீலப்பச்சைப் பாசி, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு ஏற்றதாக்கித் தருகிறது. எனவே ஆண்டுதோறும் பயிரிட்டாலும் நிலம் எளிதில் சோர்வதில்லை. நாற்றைச் சீராக நடுவது, களையை ஒழுங்காக எடுப்பது, வரப்பைச் செப்பனிடுவது என்று உழைப்பைக் கூட்டக் கூட்ட விளைச்சலும் சிறிது கூடுகிறது.

இந்த வயல்களில்தான் டச்சு ஆட்சி கரும்பை நுழைத்தது. 1830-இல் கவர்னர் ஜெனரல் வான் டென் பாஷ் தொடங்கிய கட்டாயச் சாகுபடித் திட்டம், கிராம நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஏற்றுமதிப் பயிருக்கு ஒதுக்கச் சொன்னது. கரும்பும் நெல்லும் அதே வயல்களில் மாறி மாறி விளைந்தன. இலாபம் ஹாலந்துக்குப் போயிற்று; மக்கள்தொகை கிராமங்களில் பெருகிற்று. 1930-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஜாவாவிலும் அருகிலுள்ள மதுராத் தீவிலும் 4 கோடியே 17 லட்சம் பேர் இருந்தனர்.

இத்தனை பேரையும் வயல் எப்படித் தாங்கியது? ஒருவர் வேலையைப் பலர் செய்தனர். ஒரு விளைச்சலைப் பலர் பகிர்ந்துகொண்டனர் என்கிறார் கீர்ட்ஸ். இதற்கு அவர் தந்த பெயர் 'பங்கிட்ட வறுமை'. புதிய வடிவம் எதுவும் தோன்றாமல் பழைய வடிவமே தனக்குள் மேலும் மேலும் சிக்கலாகப் பின்னிக்கொள்வதைத்தான் நூலின் தலைப்பு குறிக்கிறது. தமிழில் 'உட்பின்னல்' எனலாம்.

சராசரி மறைப்பது

வாதம் அழகானதுதான். ஆனால் நீங்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிராமத்தில் 100 குடும்பங்கள், 100 ஏக்கர் நன்செய் என்று வைத்துக்கொள்வோம். சராசரி, குடும்பத்துக்கு ஓர் ஏக்கர். 10 குடும்பங்களிடம் 60 ஏக்கர், 40 குடும்பங்களிடம் 40 ஏக்கர், மீதி 50 குடும்பங்களிடம் ஒரு சென்ட்கூட இல்லை என்றாலும் சராசரி அதே ஓர் ஏக்கர்தான்! கீர்ட்ஸ் பெரிதும் நம்பியவை மாவட்ட அளவிலான புள்ளிவிவரங்கள். யாரிடம் எவ்வளவு நிலம் என்பதை அவை சொல்லமாட்டா.

ஜாவா கிராமத்தில் மேடு பள்ளங்கள் உண்டு. நிலம் உடைய குடிகள் இருந்தனர். வீட்டுமனை மட்டும் உடையவர்கள் இருந்தனர். பிறர் மனையில் குடிசை போட்டுப் பிழைத்தவர்களும் இருந்தனர். கிராமத் தலைவருக்குச் சம்பளத்துக்குப் பதிலாக 'பெங்கோக்' என்ற நிலம் உண்டு. வாரத்துக்கு உழுதவனுக்கு 'மாரோ' முறையில் விளைச்சலில் பாதி. 'மெர்தெலு' முறையில் மூன்றில் ஒரு பங்குதான். பாசன நீரிலும் பேதம் இருந்தது. கரும்புப் பகுதிகளில் பகல் நீர் ஆலைக் கரும்புக்கு, இரவு நீர் குடியானவர் நெல்லுக்கு என்ற விதி நடைமுறையில் இருந்தது. கரும்பும் நெல்லும் ஒன்றுக்கொன்று துணை என்ற நூலின் கருத்தை இது ஐயத்துக்கு உள்ளாக்குகிறது.

நூல் வெளிவந்த காலத்திலேயே இதற்குச் சான்று தெரிந்தது. அடர்ந்த மக்கள்தொகைப் பகுதிகளில் ஒரு குடும்பம் 5 ஹெக்டேருக்கு மேல் நன்செய் வைத்திருக்கக் கூடாது என்று 1960-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. அது மெதுவாகவே நிறைவேறியது. 1963 இறுதி முதல், ஏழை விவசாயிகள் தாமே நிலத்தில் இறங்கினர், மோதல்கள் மூண்டன. 1965-66-இல் நடந்த படுகொலைகளுக்குக் காரணங்கள் பல. நிலத் தகராறு அவற்றுள் ஒன்று. வறுமை உண்மையிலேயே பங்கிடப்பட்டிருந்தால் இந்தப் போராட்டம் எதற்கு?

கத்தி சொல்லும் கதை

சொத்தின் வலிமையை ஒரு சின்னஞ்சிறு கருவி காட்டுகிறது. அதன் பெயர் அனி-அனி. உள்ளங்கைக்குள் அடங்கும் கத்தி. பெண்கள் இதைக் கொண்டு கதிர்களை ஒவ்வொன்றாக அறுப்பார்கள். அறுவடைக்கு யார் வந்தாலும் திருப்பி அனுப்பக்கூடாது என்பது பல ஊர்களின் வழக்கம். அறுத்ததில் ஒரு பங்கு கூலி. 'பாவோன்' என்று பெயர். பங்கிட்ட வறுமை என்று கீர்ட்ஸ் சொன்னதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

பிறகு புதிய நெல் வந்தது. நாம் நன்கறிந்த ஐ.ஆர். 8 நெல்லின் பெற்றோருள் ஒன்று இந்தோனேசியாவின் 'பெத்தா' ரகம். அதனால் ஐ.ஆர். 8 அங்கே 'பெத்தா பாரு', அதாவது புதிய பெத்தா, என்ற பெயரில் வந்தது. இந்தக் குட்டை ரகத்தை அறுக்க அரிவாளே வசதி. சில விவசாயிகள் விளைந்த பயிரை அப்படியே வியாபாரிக்கு விற்றனர். இதற்கு 'தெபாசான்' என்று பெயர். வியாபாரி தன் ஆட்களை அரிவாளுடன் அழைத்து வந்தார். குறைந்த ஆட்கள், குறைந்த கூலி. ஊர்ப் பெண்கள் வரப்பில் நின்றனர். இம்மாற்றத்தை வில்லியம் காலியர் குழுவினர் 1973-இல் விவரித்தனர். நெல் குத்திக் கூலி பெற்ற பெண்களின் வேலையையும் அதே ஆண்டுகளில் சிறு அரவை இயந்திரங்கள் பறித்தன.

1984-இல் இந்தோனேசியா அரிசியில் தன்னிறைவு கண்டது. பாராட்டத்தக்க சாதனையே. ஆனால் விளைச்சல் பெருகிய அதே வயலில் அறுவடைப் பங்கு சுருங்கிற்று. ஏழைகள் பெற்றுவந்த பங்கு அவர்கள் உரிமையாகக் கேட்டுப் பெற்றதன்று. நிலத்துக்கு உடையவர் அனுமதித்தது. மலிவான வழி கிடைத்ததும் அந்த அனுமதி பறிபோயிற்று. கீர்ட்ஸ் காணத் தவறியது இதைத்தான்.

நூலின் மதிப்பு

அப்படியானால் நூலை ஒதுக்கிவிடலாமா? கூடாது. மண், நீர், பாசி, கரும்பாலை, மக்கள்தொகை ஆகிய அனைத்தையும் ஒரே சங்கிலியில் கோத்துக் காட்டியது அதன் பெருமை. வறுமைக்குச் சோம்பலே காரணம் என்ற பேச்சுக்கும் அது இடம் தரவில்லை. பெஞ்சமின் வைட் 1972-73-இல் ஒரு ஜாவா கிராமத்தில் தங்கி, குடும்பத்தில் சிறுவர் உட்பட ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் உழைக்கின்றனர் என்று கணக்கெடுத்தார். நிலமில்லாதவர் குறைந்த பலனுக்கு நெடுநேரம் உழைத்தது தெரிந்தது. கீர்ட்ஸின் நூல் எழுப்பிய கேள்விகளே இத்தகைய ஆய்வுகளுக்குத் தூண்டுகோலாயின.

நிலப் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. 2013-ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தோனேசியாவில் நிலத்தில் பயிர் செய்யும் குடும்பங்களில் பாதிக்கு மேற்பட்டவை அரை ஹெக்டேருக்கும் குறைவான நிலத்தை நம்பியிருந்தன. நிலமே இல்லாத கூலிக் குடும்பங்கள் இந்தக் கணக்கில் சேரமாட்டா.

மாணவர்களே, ஒரு கிராமத்தைப் பற்றி இனி எதைப் படித்தாலும், 'மொத்த விளைச்சல் எவ்வளவு?' என்பதோடு நின்றுவிடாதீர்கள். வயல் யாருடையது, அறுவடைக்கு யார் இறங்கலாம், அதை முடிவு செய்பவர் யார் என்ற மூன்றையும் கேளுங்கள்.