ஈரம் பட்டால் சுருங்கும் பட்டு

மழைக்காலம் வந்தால் தாமல், காஞ்சிபுரம் பக்கத்து நெசவாளிக்குக் கை ஓடாது. தெருவில் நீட்டிக் கஞ்சி போட்ட பாவு காயாது. குழித்தறியில் தண்ணீர் ஊறும். இழையும் காற்றின் ஈரத்தைக் குடித்துவிட்டுச் சொன்னபடி கேட்காது. சாதாரண நாளிலேயே பட்டு தன் எடையில் ஏறத்தாழ 11 சதவீத ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். நெசவாளிக்குத் தொல்லையான இந்தக் குணத்தைப் பொருளறிவியலாளர் சிலர் வேலைக்கு அமர்த்தியிருக்கிறார்கள்.

சீனாவின் நான்காய் பல்கலைக்கழகக் குழுவும், டல்லாஸிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ரே பாக்மன் குழுவும் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்தது. பட்டு நூலை முறுக்கிச் சுருளாக்கினார்கள். அந்தச் சுருளைச் சூடேற்றி நிலைநிறுத்தி, காற்றின் ஈரப்பதத்தை 20 சதவீதத்திலிருந்து 80-க்கு ஏற்றினார்கள். நூல் 70 சதவீதம் சுருங்கியது. காய்ந்ததும் பழைய நீளத்துக்குத் திரும்பியது. மோட்டாரும் இல்லை, பேட்டரியும் இல்லை. வியர்த்தால் தானே மேலேறும் சட்டைக் கைக்கும் இந்த நூலைக் கொண்டு வழி காட்டினார்கள்.

காரணம் ஃபைப்ராயின் என்ற புரதத்தின் அமைப்பில் இருக்கிறது. இழைக்குள் படிகமாக இறுகிய பகுதிகளும், அவற்றுக்கு இடையே தளர்ந்த பகுதிகளும் உண்டு. தளர்ந்த இடங்களில் புரதச் சங்கிலிகளைப் பிணைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தண்ணீர் உடைக்கிறது. இழை பருக்கிறது, முறுக்கு அவிழப் பார்க்கிறது. சுருளுக்குள் மாட்டிய அந்த அவிழ்வு நூலின் நீளத்தைக் குறைக்கிறது. சிலந்தி நூலும் ஈரம் பட்டால் திருகிக்கொள்ளும் என்று மார்க்கஸ் பியூலர் உள்ளிட்ட குழு அதே ஆண்டில் காட்டியது. ஆனால் சிலந்திகளைக் கூட்டமாக வளர்த்தால் ஒன்றையொன்று தின்னும்; பட்டுப்புழுவிடம் அந்த வம்பு இல்லை.

நம் நாட்டில் பட்டு ஆய்வு பெரும்பாலும் மருத்துவப் பக்கம் போயிற்று. கரக்பூர் ஐஐடியில் சுபாஸ் குண்டு பல ஆண்டுகள் பட்டுப் புரதங்களை ஆராய்ந்தார். அவரிடம் பயின்ற பிமன் மண்டல் குவஹாத்தி ஐஐடியில் திசு வளர்க்கும் பட்டுச் சட்டகங்களைச் செய்துவருகிறார். புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் அனுயா நிசல் குழு எலும்புக் குறையை நிரப்பும் பட்டுப் பொருள்களை உருவாக்கியது. நல்ல வேலைகள்தான். ஆனால் இவ்வகை வேலையில் பெரும்பாலும் பசையை நீக்கிய பட்டை உப்புக் கரைசலில் கரைத்து, வேறு வடிவில் வார்க்கிறார்கள். கரைத்துவிட்டால் இழைக்குள் புழு அடுக்கி வைத்த ஒழுங்கு போய்விடும். முறுக்கி வேலை வாங்கும் வழி அதை அப்படியே பயன்படுத்துகிறது என்பதால் அதுதான் எனக்குச் சிக்கனமானதாகப் படுகிறது.

முறுக்கு என்பது காஞ்சிபுரத்துக்குப் புதிதா? பல இழைகளைச் சேர்த்து முறுக்கிய நூல்தான் இந்தப் பட்டின் உறுதிக்கு அடிப்படை. அதைவிடக் கோர்வையைத்தான் இங்கே கவனிக்கத் தோன்றுகிறது. சேலையின் உடலுக்கு ஊடை ஓட்டும் நாடா ஒன்று, கரைக்கு வேறு நாடா. நிறம் வேறான இரண்டு பகுதிகளை நெய்யும்போதே பிடிப்பு விடாமல் பூட்டிவிடும் முறை அது. உடலில் வழக்கமான நூலும், கரையில் ஈரத்துக்குச் சுருங்கும் நூலும் வைத்து ஒரே துணியாக நெய்ய இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு தெரியவில்லை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் துணி கொசுவிக்கொள்ளாமல் இருக்குமா என்பதை ஆய்வகம் மட்டும் முடிவுசெய்ய முடியாது. தறியில் உட்கார்ந்தவர் நெய்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சென்னையில் ஐஐடி இருக்கிறது. சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஓர் ஆய்வுத் திட்டம் எழுதட்டும். அதில் நெசவாளியை மாதிரித் துணி நெய்யும் கூலியாளாக வைக்காமல், சம்பளமும் காப்புரிமையில் பங்கும் பெறும் ஆய்வாளராகச் சேர்க்கட்டும்.