பிரபு, கலகக்காரர், போராளி: ஒரு வாழ்க்கையைத் தமிழில் எழுதுவதிலுள்ள சொற்சிக்கல்கள்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் கர்நாடகத்தின் எல்லையூராக அமைந்திருப்பது அத்திபெலே. ஆனேக்கல் வட்டத்தைச் சார்ந்த இவ்வூரில் கன்னடம், தெலுங்கு, தமிழ் ஆகிய மூன்று மொழிகளும் அன்றாடப் பேச்சில் வழங்குகின்றன. இவ்வூரைக் கடந்து ஜுஜுவாடியை அடைந்ததும் ஆட்சிமொழி மாறிவிடுகிறது. பேச்சுமொழி அவ்வாறு ஒரே கோட்டில் மாறுவதில்லை. எல்லையின் தென்புறத்திலுள்ள ஓசூர்ப் பகுதி முன்பு சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலமும் அதே மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. அவ்வூரின் ஜமீன் குடும்பத்தில் தோன்றிப் பொதுவுடைமை இயக்கத்தில் இணைந்தவர் எஸ். மோகன் குமாரமங்கலம் (1916–1973).

இத்தகைய வாழ்க்கையை அறிமுகப்படுத்த ஆங்கிலத்தில் ஒரு வாய்பாடு உண்டு: பிரபு குலத்தில் பிறந்த இளைஞர், கலகக்காரர், பாசிச எதிர்ப்புப் போராளி. சர்ச்சிலின் மனைவிவழி உறவினரான எஸ்மண்ட் ராமிலி (1918–1941) இவ்வாய்பாட்டுக்கு முழுதும் பொருந்துபவர். பதினைந்து வயதில் பள்ளியைவிட்டு ஓடிய அவர், 1936இல் ஸ்பெயினில் பன்னாட்டுப் படையினருடன் நின்று போரிட்டார். பின்னர்க் கனடிய விமானப்படையில் பணியாற்றி வடகடலில் மறைந்தார். ஏறத்தாழ ஒத்த வயதினரான மோகன் குமாரமங்கலத்திற்கு இவ்வாய்பாட்டை அப்படியே தமிழாக்கிப் பொருத்தினால் என்ன நேரும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. பிரபு

‘பிரபு’, ‘உயர்குடியினர்’, ‘ஜமீன்தார்’ ஆகியவற்றைத் தமிழ் எழுத்தாளர் பலர் ஒருபொருட் சொற்களாகவே கையாளுகின்றனர். இவை ஒருபொருட் சொற்கள் அல்ல. ‘பிரபு’ ஐரோப்பியப் பட்டத்தையும் கொடைத்தன்மையையும் ஒருசேர நினைவூட்டும். ‘உயர்குடி’ பிறப்பைச் சுட்டுமேயன்றி நிலவுரிமையைச் சுட்டாது. சேலம் மாவட்டத்தில் நிரந்தர நிலவரித் திட்டத்தின்கீழ்ப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்ட பண்ணைகளுக்கு ‘மிட்டா’ என்றும், உடையவருக்கு ‘மிட்டாதார்’ என்றும் பெயர் வழங்கியது. மைசூர் அரசில் அத்திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. அங்கு இனாம் கிராமங்களின் உரிமையாளர் ‘ஜோடிதார்’ எனப்பட்டார். எனவே, அத்திபெலேயின் முதியவர் ஒருவருக்கு ஜோடிதார் என்பது வரி, வாரம், வழக்கு ஆகியவற்றோடு கூடிய அனுபவச் சொல்லாகும். ‘பிரபு’ என்பதோ அவருக்குக் கதைச் சொல்லாகவே அமையும்.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியன்று. வாரம் அளந்தவர்கள் நிலவுடைமையாளரை எவ்வாறு அறிந்திருந்தனர் என்பதை உணர்த்தினாலன்றி, அக்குடும்பத்து மகன் உழவர் பக்கம் வந்ததன் பொருள் வாசகருக்குப் புலப்படாது.

2. கலகக்காரர்

‘கலகம்’ என்பது பெரும்பாலும் ஆள்வோர் நோக்கிலிருந்து எழும் சொல். 1857ஆம் ஆண்டு நிகழ்ச்சி ‘சிப்பாய்க் கலகம்’ என வழங்கியதும், அப்பெயர் பின்னர் மறுக்கப்பட்டதும் இதற்குச் சான்று. நாரதர் கலகம் நன்மையில் முடியும் என்ற வழக்கில்கூடக் கலகம் தன்னளவில் நன்மையாகக் கருதப்படவில்லை. ராமிலி பள்ளியில் செய்தது கலகமே. மோகன் குமாரமங்கலத்தின் வரலாறு வேறு. ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் பயின்ற அவர், 1938இல் கேம்பிரிட்ஜ் மாணவர் சங்கத்தின் தலைவரானார். இஃது அந்நிறுவனமே அவருக்கு அளித்த மதிப்பாகும். நாடு திரும்பிய பின்னரே, 1940–41ஆம் ஆண்டுகளில், பி. இராமமூர்த்தி, சி.எஸ். சுப்பிரமணியம் முதலியோருடன் சென்னைச் சதி வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டார். அவருடைய தந்தை டாக்டர் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. சினங்கொண்டு வெளியேறியவர் என்ற பொருளை இவ்வரலாறு தாங்காது; ஆராய்ந்து ஒரு பக்கத்தைத் தேர்ந்தவர் என்பதே பொருந்தும். ஆதலின் ‘கலகக்காரர்’ என்னும் சொல் இங்குப் பிழையான மொழிபெயர்ப்பாகிறது.

3. பாசிச எதிர்ப்புப் போராளி

சிக்கல் இங்குத்தான் முதிர்கிறது. முதலாளித்துவம், பொதுவுடைமை, ஏகாதிபத்தியம் ஆகிய கருத்துகளுக்கெல்லாம் தமிழில் பொருள் விளங்கும் சொற்கள் நிலைபெற்றன. இத்தாலிய மொழியில் ‘கட்டு’ எனப் பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்த பாசிசமோ ஒலிபெயர்ப்பாகவே நின்றுவிட்டது. பாசிசம், பாசிஸம், ஃபாசிசம் என எழுத்து மாறியதேயன்றிப் பொருள் தமிழாகவில்லை. ‘சர்வாதிகாரம்’ ஆட்சிமுறையை மட்டும் குறிக்கும். இனவெறுப்பையும் திரண்ட வெகுமக்கள் இயக்கத்தையும் அது உள்ளடக்காது.

இதன் விளைவை 1942ஆம் ஆண்டு காட்டுகிறது. 1941 ஜூன் மாதத்தில் ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தைத் தாக்கியது. அதற்குமுன் ‘ஏகாதிபத்திய யுத்தம்’ எனக் கட்சி கண்டித்த போர், பின்னர் ‘மக்கள் யுத்தம்’ ஆயிற்று. கட்சியின் மீதான தடை 1942 ஜூலையில் நீங்கியது; ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கம் எழுந்தது. தமிழ் வாசகர் முன்னர் இரு சொற்கள் எதிரெதிரே நின்றன. ஏகாதிபத்தியம் என்பதைக் காவல் நிலையத்திலும் வரி வசூலிலும் அவர் கண்டிருந்தார். பாசிசம் என்பது செய்தித்தாளில் மட்டும் இருந்தது. கட்சியின் நிலைப்பாடு மக்களிடம் எடுபடாமைக்கு அரசியற் காரணங்கள் பல உண்டு. எனினும், கண்ட பகையைவிடக் காணாத பகை பெரிது என்பதை உணர்த்தவல்ல சொல் மொழியில் இல்லாமையும் அவற்றுள் ஒன்று எனக் கொள்ள இடமுண்டு.

‘போராளி’ என்னும் பகுதியும் ஆய்வுக்குரியது. மோகன் குமாரமங்கலம் பாசிசத்தை எதிர்த்தது பேச்சாலும் எழுத்தாலும் அமைப்புப் பணியாலும் ஆகும். அவர் தமையனார் பி.பி. குமாரமங்கலம் பிரிட்டிஷ் இந்தியப் படையில் பீரங்கிப் பிரிவு அதிகாரியாக 1942இல் லிபியப் பாலைவனத்தில் அச்சு நாடுகளின் படையை எதிர்த்துப் போரிட்டுச் சிறைப்பட்டார். 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாகவும் விளங்கினார். ஆயுதமேந்தி எதிர்த்தவரைத் தமிழ் ‘தளபதி’ என்கிறது. ‘பாசிச எதிர்ப்புப் போராளி’ என்னும் தொடரைச் சொல்லேந்தி எதிர்த்தவருக்கு ஒதுக்குகிறது. தமிழ் வழக்கில் போராளி என்பது செயலைவிடக் கொள்கையையே சுட்டும் என்பது இதனால் தெளிவாகிறது. ராமிலியைப் பொறுத்தவரை இவ்விரண்டும் ஒருவரிடமே அமைந்தன. குமாரமங்கலம் இல்லத்தில் அவை உடன்பிறந்தார் இருவரிடையே பிரிந்து நின்றன. தொடரை மட்டும் பெயர்க்கும் மொழிபெயர்ப்பாளர் இப்பிரிவை மறைத்துவிடுகிறார்.

4. முடிவு

மொழிச் சிக்கல் இக்குடும்பத்திற்குப் புறம்பானதன்று. பி.ஜி. கேர் தலைமையில் 1955இல் அமைந்த ஆட்சிமொழி ஆணையத்தின் அறிக்கைக்கு மாறுபட்ட கருத்துரை வழங்கிய இருவருள் சுப்பராயன் ஒருவர். மற்றவர் மொழியியலறிஞர் சுநீதி குமார் சாட்டர்ஜி. இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழகம் கொந்தளித்த 1965ஆம் ஆண்டில் மகன் ‘இந்தியாவின் மொழி நெருக்கடி’ பற்றி ஒரு நூல் எழுதினார். ஆட்சியும் கல்வியும் மக்கள் பேசும் மொழிகளில் நடைபெறவேண்டும் என்று வாதிட்ட அந்நூல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. இதனை முரண்பாடு என்று மட்டும் கூறி அமைதல் போதாது. எந்த மக்களின் மொழிக்காக வாதிட்டாரோ அம்மொழியில் தம் வாதத்தை முதலில் அமைக்க அவர் பெற்ற கல்வி இடந்தரவில்லை என்பதே இதன் உட்பொருள்.

எனவே, இவ்வாழ்க்கையைத் தமிழில் எழுதுவோர் அவர் செய்யாது விட்ட பணியையே மேற்கொள்ளுகின்றனர். வாய்பாட்டுத் தொடரை விடுத்து, மிட்டாதார் மகன், சதி வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர், முதலில் போரை எதிர்த்துப் பின்னர் அதே போரை ஆதரித்தவர் என நிகழ்ச்சிகளை அவற்றுக்குரிய சொற்களால் கூறுதலே தக்கது. அவ்வாறு எழுதப்படும் வரலாறு அத்திபெலேயின் இருபுறத்தாருக்கும் விளங்கும். அவர்கள் அவரை ஏற்கலாம், மறுக்கலாம். இரண்டுக்கும் முதற்கண் அவர் யார் என்பது அவர்கள் மொழியில் சொல்லப்பட்டிருத்தல் வேண்டும்.