சிந்துவின் பிற்கால வாழ்வு

கதை முடிந்த பின்னரும் கதைமாந்தரை வாழவைத்துப் பார்க்க விழைவது சுவைஞரின் இயல்பு. அவ்விழைவைப் படைப்பாளரே நிறைவேற்றியமைக்குச் சான்று கே. பாலசந்தர். 1985இல் தாம் இயக்கிய ‘சிந்து பைரவி’ திரைப்படத்தின் தொடர்ச்சியை அவர் 2003இல் ‘சஹானா’ எனும் தொலைக்காட்சித் தொடராக்கினார்.

திரைப்படத்தின் இறுதியில் இசையாசிரியை சிந்து, பாடகன் ஜே.கே.பி.க்குத் தான் ஈன்ற குழந்தையை அவன் மனைவி பைரவியிடம் ஒப்படைத்துவிட்டுப் பிரிகிறாள். பைரவிக்குக் குழந்தை கிடைக்கிறது, ஜே.கே.பி.க்கு இசை மீள்கிறது. சிந்துவின் இசைக்கு என்ன கிடைத்தது? கேட்போர்க்குப் புரியும் தமிழில் பாடலாகாதா என அவனை வினவியவள் அவளே. வினவியவளே களம்விட்டு நீங்குவதைத் தியாகமெனப் போற்றுவது அம்முடிவின் குறை எனலாம். ஆகவே, எத்தொடர்ச்சியையும் மதிப்பிடும் அளவுகோல், பிரிந்தோர் கூடினரா என்பதன்று. அவள் மீண்டும் பாடினாளா, எவருக்குக் கற்பித்தாள் என்பதேயாம்.

இவ்வினா நமக்கும் உரியது. தோட்டங்களிலிருந்து பெயர்ந்தோர் வாழும் புக்கிட் செந்தோசா போன்ற வட சிலாங்கூர்க் குடியிருப்புகளிலும் பள்ளி மேடைகளில் ஆடிப் பாடும் சிறுமியர் உளர். பணியும் மணமும் வந்தபின் அவர்தம் கலை என்னாகிறது? சிந்துவின் கதையைத் தொடர்ந்து எழுதுமாறு மாணவரைப் பணிக்கும் ஆசிரியர், இவ்வினாவையும் உடன் வைத்தல் வேண்டும்.