பாத்திரமும் அபாத்திரமும்: கிறிஸ்தவ இலக்கியத்தில் தாழ்மையுணர்வு பற்றிய ஒரு விமரிசன நோக்கு

சமய இலக்கியங்களை ஆராயப்புகும் விமரிசகர் எதிர்நோக்கும் பிரச்சினைகளுள் ஒன்று, அவற்றிலே காணப்படும் தன்தாழ்வுரைகளை எவ்வாறு மதிப்பிடுவது என்பதாகும். இறைவன் திருமுன் தான் ஒன்றுக்கும் பற்றாதவன், அருளைப் பெறுதற்குத் தகுதியற்றவன் எனக் கூறும் குரல் கிறிஸ்தவ இலக்கியத்தில் இடையறாது ஒலிப்பது. இக்குரலைப் பக்தியின் முதிர்ச்சி எனக் கொண்டு வியந்து நிற்போர் ஒரு சாரார். அடிமை மனோபாவத்தின் வெளிப்பாடு எனக் கண்டு ஒதுக்குவோர் மற்றொரு சாரார். பின்னையோரின் கருத்துக்கு நீட்சே 1887இல் வெளியிட்ட ஒழுக்கத்தின் தோற்றம் பற்றிய நூல் தத்துவ வடிவம் கொடுத்தது. முற்போக்கு விமரிசனமும் வேறு காரணங்களுக்காக ஏறத்தாழ அதே முடிவுக்குப் பலகால் வந்துள்ளது. ஆயின் இவ்விரு சாராரும் போதிய அளவு கேளாத வினாக்கள் சில உள. தகுதியற்றவன் எனக் கூறுபவர் யார்? யார் முன்னிலையிற் கூறுகிறார்? கூறியபின் மனிதரிடையே எவ்வாறு நடந்துகொள்கிறார்? இவ்வினாக்களுக்கு விடை காணாது தாழ்மையைப் போற்றுவதும் தூற்றுவதும் ஒரே வகையான குறைபாடுடையன என்பது எமது கருத்து.

முதலிற் சொற்களை நோக்குவோம். புரட்டஸ்தாந்தரின் பழைய தமிழ் விவிலிய நடையிலே தகுதியுடையவனைப் 'பாத்திரன்' என்றும், தகாத முறையில் ஒன்றைச் செய்தலை 'அபாத்திரமாய்'ச் செய்தல் என்றும் வழங்குவர். பாத்திரம் என்னும் வடசொல் முதற்கண் கலத்தைக் குறித்தது. பின் ஈவதை ஏற்றற்குத் தக்கவரையும் குறிப்பதாயிற்று. பாத்திரமறிந்து பிச்சையிடு என்னும் பழமொழி இப்பொருளைத் தெளிவாகக் காட்டும். அப்பழமொழியின் மறுபாதி கோத்திரமறிந்து பெண் கொடுக்குமாறு பணிப்பது மனங்கொள்ளத்தக்கது. தகுதியை அளக்கும் உரிமை கொடுப்பவனிடம் உளது. அளவுகோல்களுள் ஒன்று பிறப்பு. இத்தகைய சமூக உள்ளடக்கம் கொண்ட சொல்லொன்றே அருளின் முன் மனிதன் தகுதியற்றவன் என்ற கருத்தையும் தமிழிலே தாங்கவேண்டியதாயிற்று.

'தாழ்மை' என்னும் சொல்லும் இத்தகையதே. புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் இதற்கு நேரான சொல் 'தப்பெய்னொஸ்' என்பதன் வழி வந்தது. கிரேக்க உரோம உலகில் அது பெரும்பாலும் கீழ்நிலையையும் இழிவையும் குறித்தது. அதனை நற்பண்பின் பெயராக உயர்த்தியதிற் கிறிஸ்தவத்துக்குப் பெரும் பங்குண்டு. ஆயினும் பழைய பொருள் முற்றாக மறைந்துவிடவில்லை. லூக்கா எழுதிய நற்செய்தியில் மரியாள் பாடும் பாடல் அடிமைப்பெண்ணின் தாழ்மையை இறைவன் நோக்கியதாகக் கூறும்பொழுது, அது மனப்பணிவை மட்டும் சுட்டவில்லை. வலியோர் ஆசனங்களினின்று வீழ்த்தப்படுவதையும் பசித்தோர் நிறைவு பெறுவதையும் அப்பாடல் தொடர்ந்து பேசுகிறது. ஆகவே, அங்கு தாழ்மை என்பது மாற்றப்படவேண்டிய ஒரு சமூக நிலைமையுமாகும். தமிழிலும் 'தாழ்ந்த' என்னும் அடை குணத்துக்கும் சாதிக்கும் ஒருங்கே வழங்குவதால், பணிவுடைமை என்ற குணம் தாழ்த்தப்பட்டிருத்தல் என்ற நிலைமையோடு எளிதிற் குழம்பிவிடும். திருவள்ளுவர் இக்குழப்பத்துக்கு இடம் வைக்கவில்லை. பணிவு எல்லார்க்கும் நன்று எனக் கூறிய அவர், அது செல்வர்க்கே சிறப்பாக மற்றொரு செல்வமாகும் எனவும் அடக்கமுடைமை அதிகாரத்தில் வரையறுத்தார். ஏற்கெனவே பணியவைக்கப்பட்டிருப்போரிடம் பணிவைக் கோருதல் அவர் கருத்தன்று.

நற்செய்தி நூல்களில் வரும் இருவரை இங்கு ஒப்பிட்டு நோக்கலாம். தன் வீட்டுக்குள் இயேசு வருவதற்குத் தான் பாத்திரன் அல்லன் எனக் கூறிய நூற்றுவர் தலைவன் ஒருவன். கத்தோலிக்க வழிபாட்டில் நற்கருணை பெறுமுன் சபையார் தமதாக்கிச் சொல்வது இவனது கூற்றையே. ஆனால், அதனைச் சொல்லுவோர் பலர் மறந்துவிடும் செய்தி, அவன் உரோமப் படையதிகாரத்தின் பிரதிநிதி என்பதாகும். தன் கட்டளைக்குப் போர்வீரர் அடிபணிவதை அவனே எடுத்துரைக்கிறான். ஆளும் தரப்பைச் சேர்ந்தவன் ஆளப்படும் இனத்துப் போதகர் ஒருவர் முன் தன்னைத் தாழ்த்திக்கொள்கிறான். மற்றையவள் மத்தேயு குறிப்பிடும் கானானியப் பெண். பிள்ளைகளுக்குரிய அப்பத்தை நாய்களுக்குப் போடுவது தகாது என்ற மறுமொழியே அவளுக்கு முதலிற் கிடைக்கிறது. அவள் அவ்விழிவை மறுத்து வாதாடவில்லை; நாய்களும் மேசையினின்று விழும் துணிக்கைகளை உண்ணுமன்றோ என்னும் நியாயத்தை எடுத்துவைத்துத் தன் மகளுக்குச் சுகம் பெற்றுவிடுகிறாள். சைவ பக்தி மரபில் மாணிக்கவாசகர் தம்மை நாயாகக் கூறிக்கொண்டதை நாம் அறிவோம். அது அவர் தாமே தேர்ந்துகொண்ட சொல். அரசனின் அமைச்சராக இருந்தவர் என மரபு கூறும் ஒருவரின் சொல். கானானியப் பெண்ணின் மீதோ அச்சொல் பிறரால் இடப்பட்டது. முன்னதிற் சொல் அகந்தையைக் கரைக்கிறது. பின்னதில் உரிமையைக் கோருவதற்கான வாதமாக மாற்றப்படுகிறது. இரண்டையும் தாழ்மை என்ற ஒரே பெயரால் அழைப்பதிலேயே விமரிசனத்தின் தவறு தொடங்குகிறது.

அபாத்திரம் என்ற சொல்லின் வரலாற்றிலும் இத்தகைய திரிபைக் காணலாம். கொரிந்து நகரச் சபைக்குப் பவுல் எழுதிய முதலாம் கடிதத்தின் பதினோராம் அதிகாரத்திலே, திருவிருந்தை அபாத்திரமாய் உண்போர் கண்டிக்கப்படுகின்றனர். பிற்கால மரபு இதனைத் தனிமனிதனின் உள்ளத் தூய்மை பற்றிய எச்சரிக்கையாகவே பெரிதும் கொண்டது. ஆயின் பவுல் எழுந்த கோபத்துக்குரிய காரணத்தை அவ்விடத்திலேயே கூறுகிறார். விருந்திற் சிலர் முந்திக்கொண்டு உண்டு வெறித்திருக்க, இல்லாதவர் பசியோடிருந்தனர். அபாத்திரம் என்பது ஏழைகளை வெட்கப்படுத்திய பந்தியின் இழிவு. பவுலின் மனச்சாட்சியைப் பிற்கால மேற்குலகின் உள்நோக்கு மனச்சாட்சியோடு சமப்படுத்துதல் பொருந்தாது என 1963இல் வெளிவந்த கட்டுரையிற் கிறிஸ்தர் ஸ்தெந்தால் வாதித்தமையும் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. சமூகக் குற்றமொன்று அகநிலைக் குற்றவுணர்வாக மாற்றப்பட்டபொழுது, அதனைத் திருத்தும் கடப்பாடும் பந்தியிலிருந்து நெஞ்சுக்கு இடம்பெயர்ந்தது.

தகுதியின்மையுணர்வு மனிதனைக் கூனச்செய்யும் என்ற பொதுக்கருத்துக்கு மாறான சான்றினை ஆங்கில இலக்கியத்தில் ஜோன் பனியனிடம் காண்கிறோம். 1628இற் பிறந்த இவர், ஓட்டைப் பாத்திரங்களைச் செப்பனிடும் தொழிலைச் செய்தவர். 1666இல் வெளியிட்ட தன்வரலாற்றிலே தம்மைப் பாவிகளுள் தலைமையானவர் என நூற்பெயரிலேயே அறிவித்துக்கொண்டவர். அத்தகையவர் அனுமதியின்றிப் பிரசங்கித்தமைக்காக 1660இற் கைதுசெய்யப்பட்டபொழுது, இனிப் பிரசங்கிப்பதில்லை என்ற ஓர் உறுதிமொழி கொடுத்து விடுதலை பெற மறுத்து, ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்போர்ட் சிறையில் இருந்தார். இறைவன் முன் தன்னை ஒன்றுமில்லாதவனாகக் கண்டவருக்கு நீதவானின் ஆசனமும் ஒன்றுமில்லாததாயிற்று. 1678இல் வெளிவந்த மோட்சப் பிரயாணத்திற் பயணியின் முதுகிற் சுமையொன்று இருக்கிறது. சிலுவையடியில் அது கழன்று விழுகிறது. சுமையைச் சுமந்துகொண்டேயிருப்பது அந்நூலின் இலட்சியமன்று. 1684இல் வந்த இரண்டாம் பாகத்திலே தாழ்மைப் பள்ளத்தாக்கு வளமான நிலமாகக் காட்டப்படுகிறது. அங்கு பாடித் திரிபவன் எளிய ஆடையணிந்த இடைச்சிறுவன்.

இதன் வரலாற்று விளைவுகளை ஈ. பி. தொம்சன் ஆங்கிலத் தொழிலாளர் வர்க்கத்தின் உருவாக்கம் பற்றி 1963இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்துள்ளார். மோட்சப் பிரயாணத்தை அவ்வியக்கத்தின் அடிப்படை நூல்களிரண்டில் ஒன்றாக அவர் மதிப்பிட்டார். மற்றையது தோமஸ் பெயினின் மனித உரிமைகள். அதே நூலில் மெதடிஸ்த சமயத்தின் பாவவுணர்வு தொழிற்சாலை ஒழுங்குக்குத் தொழிலாளரைப் பழக்கிய விதத்தை மிகக் கடுமையாகவும் கண்டித்தார். ஒரே சமயமொழி ஒரு சூழலில் எதிர்ப்புக்கும் பிறிதொரு சூழலில் அடக்குமுறைக்கும் துணைசெய்யக்கூடும் என்பதை மார்க்சிய வரலாற்றாசிரியர் ஒருவரே இவ்வாறு ஏற்றுக்கொண்டார்.

பனியனின் நூலைத் தமிழ்க் காவியமாக்கியவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. திருநெல்வேலியில் 1827இல் வைணவ வேளாளர் குடும்பத்திற் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்ற அவர், 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டார். மூவாயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட செய்யுள்களைக் கொண்ட அந்நூலிற் கம்பனின் விருத்தநடையும், பக்திப் பதிகங்களின் அமைப்பும் ஒருங்கே பயில்கின்றன. வைணவ மரபில் அடியவன் தன் சிறுமையை எண்ணியெண்ணி உருகுவதை நைச்சியாநுசந்தானம் என்பர். அம்மரபிற் பயின்ற உள்ளம், சரணாகதியின் மொழியையே கிறிஸ்துவுக்கு உரியதாக்கியது. அயல்நாட்டு இறையியலை அச்சுப்பிசகாது பெயர்த்துத் தந்திருப்பின் தமிழுள்ளத்தை இந்நூல் தொட்டிராது. இவ்வகையிற் கிருஷ்ணபிள்ளையின் சாதனை ஐயத்துக்கு அப்பாற்பட்டது.

எனினும் மாற்றத்திற் பெற்றது போலவே இழந்ததும் உண்டு. பனியன் தம் வர்க்கத்தாரின் பேச்சையொட்டிய உரைநடையில் எழுதினார். அங்கு தாழ்மை கருப்பொருளாக இருப்பதோடு நடையின் இயல்பாகவும் உள்ளது. கிருஷ்ணபிள்ளையிடம் தாழ்மை காவியத்தின் கம்பீரத்தோடு அலங்கரிக்கப்பட்டு வருகிறது. தான் கடையன் எனக் கூறும் குரல், கல்வியிலும் குலத்திலும் மேனிலையிலுள்ளவரின் மொழியிற் கூறுகிறது. அதன் உண்மைத்தன்மையை நாம் ஐயுறவில்லை. குடும்ப உறவுகளையும் சமூக மதிப்பையும் பணயம்வைத்துச் சமயம் மாறியவரின் குரல் அது. ஆனால், அதே காலத்தில் திருநெல்வேலிச் சபைகளிற் பெருந்தொகையினராக இருந்தோர் நாடாரும் தலித் மக்களுமாவர். தாம் தாழ்ந்தவர் என்பதை அவர்கள் காவியத்திலிருந்து கற்கவேண்டியிருக்கவில்லை. சமூகம் நாள்தோறும் கற்பித்து வந்தது. இறங்கிவருபவரின் தாழ்மை, மேலே ஏறத் தடைசெய்யப்பட்டவருக்கும் அப்படியே பொருந்தும் எனக் கருதுவது இலக்கிய அளவிற் பொதுமைப்படுத்தலாகத் தோன்றலாம். வாழ்க்கை அளவில் அது அநீதியாகும்.

தாழ்மையின் பாடலும் சாதியின் பந்தியும் அருகருகே இருக்கக்கூடியன என்பதற்குத் தஞ்சாவூர் வரலாறு சான்றாகும். வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) தமிழ்க் கிறிஸ்தவர் இன்றும் பாடி உருகும் கீர்த்தனைகளைத் தந்தவர். ஆயின் 1820களிற் புதிய மிசனரிமார் ஆலயத்தில் சாதிவாரியாக அமர்வதையும், திருவிருந்தின்போது பேணப்பட்ட வேற்றுமைகளையும் ஒழிக்க முற்பட்டபொழுது, அவர் அதனை எதிர்த்து எழுதினார். தம் மரபின் ஆசாரங்களில் அந்நியர் தலையிடுவதை அவர் கண்டித்ததில் ஓரளவு நியாயமும் இருந்தது என வாதிப்போர் உளர். 1833இற் பேராயர் டானியல் வில்சன் சாதி வேற்றுமைகளைச் சபையினின்று உடனடியாக நீக்குமாறு சுற்றுநிருபம் விடுத்தபொழுதும் எதிர்ப்பு ஓயவில்லை. கடவுள் முன் தாம் அபாத்திரர் எனப் பாடியவர்கள், உடன்விசுவாசியோடு ஒரே பாத்திரத்திற் பருக உடன்படவில்லை. பவுல் கொரிந்தில் எதனைக் கண்டித்தாரோ அதுவே அபாத்திரம் என்ற சொல்லின் நிழலிலேயே தொடர்ந்தது. எமது யாழ்ப்பாணத்திலும் 1930ஆம் ஆண்டளவிற் பாடசாலைகளிற் சம ஆசனம் பெரும் பிரச்சினையாக எழுந்ததை எண்ணும்போது, இது தஞ்சாவூருக்கு மட்டுமுரிய முரண்பாடன்று என்பது புலனாகும்.

அண்மைக்கால இறையியல் இப்பிரச்சினையை உள்ளிருந்தே எதிர்கொண்டுள்ளது. அகந்தையே மூலப்பாவம் என்ற கோட்பாடு ஆண்களின் அனுபவத்தைப் பொதுவாக்குவதென்றும், பெண்களின் சோதனை பெரும்பாலும் தம்மையே இல்லாதாக்கிக்கொள்வதென்றும் வலரி செய்விங் 1960இல் எழுதினார். இந்தியாவில் ஆர்விந்த் நிர்மல் 1981இற் பெங்களூரில் ஆற்றிய உரையைத் தொடர்ந்து தலித் இறையியல் உருப்பெற்றது. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக விளங்கிய தியோபிலஸ் அப்பாவு (மறைவு 2005) நாட்டார் இசையையும் கிராமத்துப் பேச்சையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையிற் சமைத்து ஒன்றாக உண்ணுதலைத் திருவிருந்தின் பொருளாக விளக்கினார். பனியனிடம் இருந்து கிருஷ்ணபிள்ளையிடம் இழக்கப்பட்ட மொழியின் எளிமை இவ்வாறு வேறொரு வழியால் மீண்டது. அதனோடு பந்தியும் மீண்டது.

எனவே, தாழ்மையுணர்வை முற்றாக நிராகரிப்பதும் இலக்கிய விமரிசனத்துக்குப் பொருந்துவதன்று. அதிகாரமுடையோர் தம் தகுதியை ஐயுறுவது சமூகத்துக்கு நன்மையே. எல்லோரும் தகுதியற்றவர் என்ற கோட்பாடு, தகுதியைப் பிறப்பால் அளக்கும் உரிமையை எவர்க்கும் இல்லாததாக்கும் ஆற்றலும் உடையது. அவ்வாற்றல் செயற்படாது போனதற்குக் காரணம், எல்லோர்க்கும் உரியதாகக் கூறப்பட்ட தாழ்மையின் சுமை ஒரு பகுதியார் மீதே வைக்கப்பட்டமையாகும். ஈழத்துக் கிறிஸ்தவக் கீர்த்தனைகளும், பிரசங்கங்களும், ஞானநாடகங்களும் இந்நோக்கில் இன்னும் போதியளவு ஆராயப்படவில்லை. அவற்றை ஆராயப்புகுவோர், பாடலிலே பணிந்த தலையைக் காண்பதோடு அமையாது, பாடி முடிந்தபின் பாடியவர் யாரோடு அமர்ந்து உண்டார் என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.